மூன்று வருடம் ஓடினால் போதும்

பரராசசிங்கம் நிலவறைப் படிகளில் பாதி இறங்கி நின்றார். கீழே, வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் இரண்டு தடவை முக்கி, மூன்றாவது தடவை பற்றிக்கொண்டது. "கிழவர் எழும்பீட்டார்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு மேலே ஏறினார். வேலை நாளோ லீவு நாளோ, காலை ஐந்து மணிக்கு இந்தப் பாதிப்படி யாத்திரை தவறுவதில்லை. ஜெர்மனியில், எசன் நகரத்தின் வடக்கில், ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் வரிசை வீடுகளில் ஒன்று அது. அதற்குள் அவரை விட்டால் சத்தம் போடுகிற பிறவி அந்தக் கொதிகலன் மட்டும்தான்.

வயது அறுபது. ரொட்டி சுடும் பாண் தொழிற்சாலையில் வேலை, ஆனால் வீட்டில் பாண் சாப்பிட மாட்டார். "நாள் முழுக்க மணத்தைச் சாப்பிட்டாச்சு, காணும்" என்பார். ஞாயிற்றுக்கிழமை பெரிய சட்டியில் ஒரு குழம்பு வைத்தால் வியாழன் வரைக்கும் அதுதான். சின்னச் சட்டி வாங்கலாமே என்று யாராவது கேட்டால், "சின்னனில எனக்கு உப்புப் பிடிபடாது" என்று பதில் வரும். சாரத்துக்கு மேலே கம்பளிச் சட்டை, அதற்கு மேலே இன்னொரு கம்பளிச் சட்டை. அடுக்களையையும் தான் படுக்கிற அறையையும்தான் சூடாக்குவார். மற்ற அறைகளின் கதவுகள் சாத்தியிருக்கும்.

ஒரு பொருளை வாங்குமுன் பத்துப் பேரைக் கேட்காவிட்டால் மனிதருக்குத் தூக்கம் வராது. சோறு ஆக்கும் மின்சாரப் பானையைத் தெரிவு செய்ய நாலு மாதம் எடுத்தவர். அப்படிப்பட்டவரிடம், 2004 வசந்தத்தில், புகைக்கூட்டைச் சோதிக்க வந்த கறுப்பு உடுப்பு மனிதர் ஒரு கடதாசியை நீட்டினார். கொதிகலனின் புகை அளவு மீறிப் போகிறது, நவம்பருக்குள் மாற்ற வேண்டும். புதியதா, யாரோ பாவித்துக் கழற்றியதா? பரராசசிங்கத்துக்கு இதைவிடப் பெரிய விருந்து யாரும் வைத்திருக்க முடியாது.

தமிழ்க் கடை சந்திரகாந்தி மரக்கறி நிறுத்தபடியே தீர்ப்புச் சொன்னாள். "புதுசு எடுங்கோ அண்ணை. பழசு வாங்கினால் ஆரோ ஒருத்தற்றை வருத்தத்தைக் காசு குடுத்து வாங்கின மாதிரி." கோவிலில் இரண்டு கட்சி உண்டானது. தொழிற்சாலையில் ஒரு துருக்கிக்காரர் படம் வரைந்து விளக்கினார். இவர் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டு, அடுத்த நாள் இன்னொருவரிடம் முதலிலிருந்து தொடங்கினார். எனக்கு இதில் ஒரு சந்தேகம் உண்டு. முன்பெல்லாம் இவரைக் கண்டால் சனம் கேட்பது ஒரே கேள்வி, "வீட்டுக்காரி எப்ப வாறா?" அதற்குப் பயந்தே கோவிலில் பின்வரிசையில் நிற்பார். இப்போது எல்லோரும் கொதிகலனை ஜெர்மன் பெயரில் விசாரித்து, "ஹைற்சுங் என்னாச்சு?" என்று கேட்டார்கள். அந்தக் கோடை முழுவதும் அவர் முன்வரிசையில் நின்றார்.

மனைவி ரஞ்சினியும் பிள்ளைகள் ஆதிரையும் தாரகனும் நாலு வருடத்துக்கு முன் லண்டனுக்குப் போனார்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று இங்கிருந்து எத்தனையோ குடும்பங்கள் போன காலம் அது. வேலையை விட்டால் பென்சன் குறையும் என்று இவர் மட்டும் நின்றுகொண்டார். சண்டை ஒன்றும் இல்லை. ஆதிரைக்கு அங்கேயே கலியாணம் நடந்து, குழந்தையும் பிறந்தது. ரஞ்சினி அதைப் பார்க்கிறார். அறுபத்து மூன்று வயதில் பென்சன், பிறகு வீட்டை விற்றுவிட்டு லண்டன் என்பது பரராசசிங்கத்தின் திட்டம். அதை அவர் ஒருவரிடமும் உரத்துச் சொன்னதில்லை, ரஞ்சினியிடம்கூட. சொன்னால், மறுமுனையில் ஒரு கணம் மௌனம் வந்துவிடுமோ என்று பயம்.

செப்டம்பரில் கதிர்காமநாதன் ஓடி வந்தார். இவரை விடப் பதினைந்து வயது இளையவர், கட்டடங்களில் வேலை செய்பவர். தெருவோடு வரும் பொது வெந்நீர்க் குழாய்க்கு மாறிய ஒரு வீட்டுக்காரர் தன் கொதிகலனைக் கொடுக்கப் போகிறாராம். "ஆறு வருசந்தான் அண்ணை ஓடினது. இன்னும் மூண்டு நாலு வருசத்துக்குப் பயமில்லை. அதுக்குப் பிறகு நான் பொறுப்பில்லை."

மூன்று வருடம்! பரராசசிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. தனக்கென்றே அளவெடுத்துச் செய்ததுபோல ஒரு கொதிகலன். "ஒரு ஆளைக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி அட்டையைச் சுரண்டி, இலக்கங்களை அழுத்தி, லண்டனைப் பிடித்தார்.

"இஞ்சேரும், கதிர்காமநாதன் ஒரு ஹைற்சுங் பாத்து வைச்சிருக்கிறான். பழசுதான். ஆனால் மூண்டு வருசம் நல்லா ஓடுமாம். எனக்கு மூண்டு வருசம் ஓடினால் போதும்தானே. நீர் என்ன சொல்லுறீர்?"

மூன்று வருடம் என்பதை மற்றச் சொற்களைவிட மெதுவாகச் சொல்லிவிட்டுக் காத்திருந்தார். கேட்டது கொதிகலனைப் பற்றியே அல்ல. "ஓம், அதுக்குப் பிறகுதான் இஞ்ச வந்திடுவியளே" என்று ஒரு வரி வந்தால் போதும். மறுமுனையில் பேரப்பிள்ளை எதையோ நிலத்தில் தட்டிக்கொண்டிருந்தது.

"பழசை ஏனப்பா மினக்கெட்டுப் போடுறியள்?" என்றார் ரஞ்சினி. "புதுசாவே போடுங்கோ. புதுசெண்டால் இருவது வருசத்துக்குக் கரைச்சல் இல்லை எல்லோ. வயது போன நேரத்தில அங்க தனியக் கிடந்து குளிரில விறைக்கப் போறியளே?"

அன்பாகத்தான் சொன்னார். கோபத்தில் சொல்லியிருந்தால் இவரும் பதிலுக்கு இரண்டு வார்த்தை சொல்லியிருப்பார். அக்கறையோடு சொன்னதற்கு என்ன செய்வது?

"ஓம், ஓம். அதுவும் சரிதான்" என்றார்.

"பிள்ளை படியில ஏறுறான். வைக்கட்டே?"

அட்டையில் இன்னும் நாற்பத்தொரு நிமிடம் மிச்சம் இருந்தது. அன்று வேறு யாரையும் அவர் கூப்பிடவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடித்த பிறகுதான் கதிரையை விட்டு எழும்பினார்.

"பழசு வேண்டாமடா தம்பி, புதுசுதான்" என்று அடுத்த நாள் கதிர்காமநாதனிடம் சொன்னார்.

"ஊரெல்லாம் கேட்டு முடிச்சிட்டியளே! கடைசியா ஆர் சொன்னது?"

"மனிசி சொன்னவ."

"அப்ப அப்பீல் இல்லை" என்று கதிர்காமநாதன் பெரிதாகச் சிரித்தார். பரராசசிங்கமும் சிரித்து வைத்தார்.

புதன்கிழமை கம்பனியிலிருந்து ஒரு ஜெர்மன்காரர் வந்து, நிலவறையை அளந்து, குழாய்களைத் தட்டிப் பார்த்து, அடுக்களை மேசையில் படிவத்தை விரித்தார். பரராசசிங்கம் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு எதிரே நின்றார். வீட்டின் அளவு, ஜன்னல்களின் எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னார். வெந்நீர்த் தொட்டி எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று பார்க்க இன்னும் ஒரு கட்டம் இருந்தது.

"வீட்டில் எத்தனை பேர் வசிக்கிறீர்கள்?" என்று வந்தவர் கேட்டார்.

அகதி விண்ணப்பமான அன்ராக் முதல் பள்ளிக்கூடப் படிவம் வரை அந்தக் கட்டத்துக்கு எத்தனையோ வருடம் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய கை, தானாக உயர்ந்து நாலு விரல்களைக் காட்டியது. வந்தவர் எழுதக் குனிந்தார்.

"ஐன் மொமென்ற், ஒரு நிமிசம்" என்றார் பரராசசிங்கம். சின்ன விரலை மடக்கினார். அடுத்த விரலை மடக்கினார். நடுவிரல் மடங்கச் சற்று நேரம் எடுத்தது. அதையும் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மிஞ்சிய ஒற்றை விரலை வந்தவருக்கு நன்றாகத் தெரியும்படி உயர்த்திக் காட்டினார்.