நான் அறுத்த கயிறு

உழைப்பவர் கட்டிய கயிற்றை, பார்க்க அழகாக இல்லை என்பதற்காக அறுக்கும் உரிமையைப் பட்டப்படிப்பு தருமா?

எழுபதுகளில், மரக்காணம் உப்பளத் தொழிலாளர்கள் பலகைகளையும் கூடைகளையும் வைக்க எங்கள் தொண்டு மன்றம் ஒரு தகரக் கொட்டகை அமைத்தது. பொறுப்பு என்னுடையது. உப்பு வாரும் அஞ்சலை, கூரையின் குறுக்கே கயிறு போட்டு முளையடித்துக் கட்டியிருந்தார். திறப்பு விழாவுக்கு முதல்நாள் அதை அறுத்தேன்.

"உப்புக்காத்துல ஆணி எத்தினி நாள் சார் நிக்கும்?"

"புது ஆணிம்மா."

"அத்த காத்தாண்ட சொல்லுங்க," என்று சிரித்தார்.

விழா முடிந்ததும் வேறு கயிறு வாங்கித் தருவதாகச் சொன்னேன், மறந்துபோனேன். மறு ஆண்டு ஆடிக் காற்றில், துருவேறிய ஆணிகளைப் பிய்த்துக்கொண்டு ஒரு தகடு பறந்தது. கூடை எடுக்க வந்த அஞ்சலையின் வலது முன்கையை அது ஆழமாகக் கிழித்தது.

விசாரிக்க வந்த மன்றத் தலைவர், "கயிறு கட்டலையா?" என்று என்னிடம் கேட்டார். கட்டுப்போட்ட கையோடு அஞ்சலை முந்திக்கொண்டார்.

"ஆட்டுக்கு வேணும்னு நான்தான் அவுத்துக்கினு போனேன் சார்."

அவரிடம் ஆடே இல்லை. தலைவர் சென்ற பிறகு, ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"உங்கள அனுப்பிட்டா அப்பறம் இந்தக் கொட்டாய யாரு சார் திருப்பிக் கட்டறது?"

அந்தப் பருவத்தில் அவரால் மீண்டும் உப்பு வார முடியவில்லை. தலைவரிடம் நான் உண்மையைச் சொல்லவே இல்லை. அதன்பின் நான் அமைத்த ஒவ்வொரு கொட்டகையிலும், கயிற்றை எங்கே கட்டுவது என்று அங்கே வேலை செய்பவர்களிடம் கேட்டே கட்டுகிறேன்.