நெஞ்சு மட்டத்துச் சிவப்புக் கோடு

சிவப்புப் பெயின்ற் பேணியின் மூடியைக் கரண்டிக் காம்பால் நெம்பிக்கொண்டிருக்கிறாள் நஸீறா. தென்னை மரத்தில் தன் நெஞ்சு உயரத்துக்கு அவள் இழுத்திருந்த கோட்டை யாரோ மறுபடியும் சுரண்டிவிட்டார்கள். யாரோ என்ன யாரோ, காணிப் புறோக்கர் முனாஸ்தான். "சுரண்டட்டும். மரம் தேயும், நான் தேய மாட்டன்" என்றபடி பிறஷை முக்குகிறாள்.

ஏறாவூரில் வாவியை ஒட்டிக் கிடக்கிறது அவள் காணி. குவைத்தில் பிறத்தியார் பிள்ளைகளைக் குளிப்பாட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. இந்தப் பக்கத்தில் கலியாணத்துக்குப் பெண் வீட்டார்தான் வீடு கொடுக்க வேண்டும். வீடில்லாவிட்டால் மகள் றிஸ்லாவைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள். முனாஸ் கொளுத்தும் வெயில் காலத்தில் வீடியோவில் காணியைக் காட்டினான். புதுக் கிறவல் மண் பரப்பித் தரை பளிச்சென்று இருந்தது. ஓட்டமாவடியில் பிறந்தவளுக்கு அந்தக் கரையின் குணம் எங்கே தெரியும்? "தென்னை காய்க்கிதா தம்பி?" என்று மட்டும் கேட்டாள். தண்ணீரைப் பற்றி அந்தப் படுபாவி வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பிய வருஷம் மாரி பிடித்தது. கடலுக்கு வழிவிடும் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்ததால் வாவி நேரே காணிக்குள் ஏறிவிட்டது. நஸீறா நெஞ்சளவு தண்ணீரில் தென்னையைக் கட்டிப்பிடித்து அழுதாள். அந்த இடத்தில்தான் கோடு.

இப்போது காணி மூலையில் ஒரு தகரக் கொட்டில் போட்டுத் தையல் தைக்கிறாள். மெஷின் கல்லடுக்கின் மேல் நிற்கிறது. அபாயாவுக்கு அளவெடுக்கும்போதே, "உங்களுக்குக் கழுத்து மட்டும் வரும் கா" என்பாள். தண்ணீரைச் சொல்கிறாள்! வந்தவள் விழித்தால் தென்னையைக் காட்டுவாள்.

முனாஸ் ஒருநாள் நயமாக வந்தான். பக்கத்துக் காணிகள் இன்னும் அவன் கையில்தான். "கோட்ட அழிங்க ராத்தா. உங்கட துண்டையும் நல்ல விலைக்கு வித்துத் தாறன். மேட்டுப் பக்கம் மகளுக்கு ஊடு கட்டுங்க." அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"இன்னொருத்திர வயித்தில அடிச்சி எண்ட புள்ளைக்கு ஊடா? வேணாம் தம்பி. நான் இங்கயே அத்திவாரத்த உசத்துவன்."

அத்திவாரம் இடுப்பளவுக்கு வந்திருக்கிறது. கோட்டைத் தாண்ட இன்னும் கல் வேண்டும்.

இன்றைக்குப் பெயின்ற் காயுமுன்பே பக்கத்துக் காணியில் முனாஸின் குரல் கேட்கிறது. கைபேசியை நீட்டிப் பிடித்து, கத்தாரில் இருக்கும் ஒருத்திக்குக் காணி காட்டுகிறான். கோடு படத்தில் விழாத பக்கமாகத்தான் திருப்புகிறான், கெட்டிக்காரன்.

"தென்னை காய்க்கிதா நானா?" என்கிறது கைபேசி.

நஸீறா பிறஷோடு விறுவிறுவென்று போய்க் கைபேசிக்கு நேரே நிற்கிறாள்.

"தங்கச்சி, மாரியில தண்ணி எது மட்டும் வரும் எண்டு பாருங்க."

தானே தைத்த மஞ்சள் சட்டையில், நெஞ்சுக்குக் குறுக்கே, பிறஷை அழுத்தி இழுக்கிறாள்.