பெட்டியில் ஒட்டியிருந்த பெயர்

வெளிநாட்டிலிருந்து வந்த அந்தப் பெட்டியின் மூடியில் ஒரு வெள்ளைக் கடதாசி ஒட்டியிருந்தது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். ஆனாலும் இங்கிலிசில் என் பேர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதற்குக் கீழே என் அடையாள அட்டை நம்பர். உள்ளே கிடந்தவள் என் தங்கச்சி. பெரியகல்லாற்றில் எங்கள் வளவுக்குள் பெட்டியை இறக்கியபோது அம்மா அவள் பேரைச் சொல்லிக் குழற வாயெடுத்தா. கூட வந்த ஏஜென்சிக்காரர் அவவின் காதுக்குள் குனிந்து, "கடதாசியில உள்ள பேரைச் சொல்லி அழுங்க, வாசல்ல பொலிஸ் நிக்குது" என்றார். அம்மா என் பேரைச் சொல்லிக் குழறினா. நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் ஒளிந்து நின்று, எனக்கு வைத்த ஒப்பாரியைக் கேட்டேன்.

போக இருந்தவள் நான்தான். ஆமி ஆற்றில் இறங்க விடாத சண்டைக் காலம் அது. அப்பாவின் தோணி கரையில் காய்ந்து வெடித்துக் கிடந்தது. வெளிநாட்டு வீட்டு வேலைக்கு ஏஜென்சிக்காரர் என்னை எழுதிக்கொண்டு போனார். பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கப் போகிற நாளன்று நான் பாயை விட்டு எழும்பவில்லை. முன்பின் தெரியாத ஆட்களோடு ஒரு சொல் பேசவும் எனக்கு வராது. பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். சேர் இடாப்புக் கூப்பிடும்போது என் பேர் வந்தால் "இருக்கிறன்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வகுப்புகளுக்கு நடுவே சுவர் இல்லை. பக்கத்துச் சின்ன வகுப்பிலிருந்து தங்கச்சி எழும்பி, "அக்கா இருக்கிறா சேர்!" என்று கத்துவாள். பள்ளிக்கூடமே சிரிக்கும். அவளும் சிரிப்பாள். நான் குனிந்து கொள்வேன்.

அன்றைக்கும் அவள்தான் எனக்காக எழும்பினாள். "இவ அங்க போய்த் தண்ணி வேணுமெண்டும் கேக்க மாட்டா. தாகத்திலயே செத்துடுவா. நான் போறன் கா" என்றாள். அவளுக்கு வயது பதினேழு, வெளிநாட்டுக்குக் காணாது. ஏஜென்சிக்காரர் அதற்கும் வழி சொன்னார்: "அக்காட பிறப்புப் பதிவிலயும் ஐசியிலயும் போகட்டும். முகமும் ஒண்டுதானே." அவள் என் அட்டையோடு போனாள். நான் அட்டை துலைந்து போனது என்று பொலிசில் எழுதிக் கொடுத்து, அதே நம்பரில் இன்னொன்று எடுத்தேன். பொலிசில் பேசியதெல்லாம் அப்பாதான். நான் பக்கத்தில் நின்றேன். பாயை விட்டு எழும்பாமல் கிடந்த அந்த ஒரு காலையைத்தான் இன்றைக்கும் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

அங்கிருந்து எழுதும் கடிதங்களில் என்னைத் தங்கச்சி என்றுதான் எழுதுவாள். "இப்ப நான்தான் மூத்தவள். பயந்தாங்கொள்ளித் தங்கச்சிக்கு அக்கா எழுதுவது" என்று தொடங்கும். இரண்டாம் வருசம் கடிதம் நின்றது. பிறகு பெட்டி வந்தது. மாடியால் விழுந்ததாகக் கடதாசியில் இருந்தது. விழுந்தாளா, விழுத்தினார்களா என்று நாங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. கேட்டால் பேர் மாறாட்டம் வெளியே வரும் என்ற பயம்.

அந்தக் காலத்து அரசாங்கக் கந்தோர்களின் பதிவுக் கொப்பிகளுக்கு ஒன்றை ஒன்று தெரியாது. ஒரு கந்தோர்க் கொப்பியில் நான் செத்தேன். இன்னொரு கந்தோர்க் கொப்பியில் கலியாணம் முடித்தேன், இரண்டு பிள்ளைகள் பெற்றேன், வோட்டும் போட்டேன். கடதாசி எதையும் தாங்கும். இப்போது எல்லாக் கொப்பியையும் ஒரு கம்பியூட்டருக்குள் போட்டுவிட்டார்கள். எழுத்து மங்கிப்போன அட்டையை மாற்றப் பிரதேச செயலகத்துக்குப் போனேன். அங்கே வேலை செய்கிற பிள்ளை நம்பரை அடித்துவிட்டு என்னை ஏறிட்டுப் பார்த்தாள். திரும்பவும் அடித்தாள்.

"அம்மா, ஒரு நம்பருக்கு ஒராள்தான் இதுக்க இருக்கலாம். இந்த நம்பர்ல ஒராள் இருக்கிறா, அவ மோசம் போயிட்டா எண்டு மரணப் பதிவு இருக்கு. அதே நம்பர்ல உங்களையும் போட இது விடுதில்ல."

எனக்குக் கோபம் வரவில்லை. இத்தனை வருசத்தில் மனிசர் ஒருவரும் கேட்காத கேள்வியை அந்தக் கம்பியூட்டர்ப் பெட்டி கேட்டது.

வெளியே மரத்தடியில் படிவம் நிரப்பிக் கொடுக்கிற மனிசன் கதையைக் கேட்டுச் சிரித்தார். "அக்கே, செத்தவங்களுக்குப் படிவம் எழுதினா எனக்குப் பேய் புடிக்கும்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சிட பேரில ஐசி எடுக்கயில்லத்தானே? அவட பிறப்புப் பதிவில நீங்க ஒண்டு எடுங்க. மிசின் பேசாம ஏத்துக்கொள்ளும். ரெண்டு பேர் ஒரு நம்பர்ல வந்தாத்தான் அதுக்குக் கோபம். ஆர் எவர் எண்டு அதுக்கென்ன தெரியும்?"

லேசான வழிதான். எனக்குப் பழகின வழியும்கூட. ஆனால் அப்படிச் செய்தால் அவள் செத்ததை இந்த உலகத்தில் ஒரு இடத்திலும் எழுதமாட்டார்கள். அம்மா கண்மூடும் வரைக்கும் வெளியாட்களுக்கு முன்னால் அவள் பேரைச் சொல்லி அழவில்லை. திரும்பி உள்ளே போனேன். "பெட்டியில வந்தது என்ட தங்கச்சி, புள்ள" என்று சொல்லி, அவள் பேரையும் சொன்னேன். ஒரு கந்தோருக்குள் நானாக வாய் திறந்தது அதுதான் முதல் தரம்.

அந்தப் பிள்ளை எழுத ஒரு தாள் எடுத்தாள். விசாரணை வரும் என்றாள். சத்தியக் கடதாசி வேண்டும் என்றாள். "முதல் அந்த மரணத்தை அவட பேருக்கு மாத்தணும் அம்மா. அதுக்குப் பிறகுதான் உங்கட நம்பர் விடுபடும்." அப்போதுதான் எனக்கு விளங்கியது. பிறந்ததாக மட்டும் எழுதியிருந்த என் தங்கச்சி, அந்தக் கம்பியூட்டருக்குள் இவ்வளவு காலமும் சாகாமல் இருந்திருக்கிறாள். அவளைச் சாகக் கொடுத்தால்தான் எனக்கு உயிர். முன்னர் ஒருதரம் பாயில் கிடந்து கொடுத்தேன். இந்த முறை கையொப்பம் வைத்துக் கொடுத்தேன்.

விசாரணை எல்லாம் முடிந்து அட்டை வாங்க வரச் சொன்ன நாளில் மண்டபம் நிறையச் சனம். என் பேரைக் கூப்பிட்டார்கள், அந்தப் பெட்டியில் ஒட்டியிருந்த அதே பேர். பக்கத்து வகுப்பிலிருந்து அந்தக் குரல் வரும் என்பதுபோல நின்றேன். இரண்டாந்தரமும் கூப்பிட்டார்கள். "இருக்கிறன்" என்றேன்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. மூன்றாந்தரமும் கூப்பிட்டார்கள்.