ஐயாவுக்கு ஒரு டச்சுச் சாட்சி

நேற்று தபாலில் ஒரு கடதாசி வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் கூட்டித் துடைக்கிற வீட்டு மேடத்தின் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேடம் அமெரிக்காக்காரி. பாரிஸில் பணக்காரப் பக்கத்தில் வீடு. நாலு வருசமாகத் தன் வம்சத்தைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறார். நியூயோர்க் டச்சுக்காரரின் கையில் இருந்த காலத்தில் கப்பலில் போய் இறங்கிய குடும்பமாம். சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க அந்தக் குடும்பம்தான் – பேருக்குக் கீழே பேர், கோட்டுக்குக் கீழே கோடு. கூடப்பிறந்த தங்கச்சியோடு மேடத்துக்குப் பேச்சில்லை. செத்த முந்நூறு பேரோடு ஒவ்வொரு நாளும் பேச்சு!

எனக்கு ஏன் இந்த எரிச்சல் என்கிறீர்களா?

அண்ணை செத்து இரண்டு மாதம். பத்திரிகையில் என்னை வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், இந்தப் பக்கத்தில்தான் புலம்பினேன். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள்... அவ்வளவுதான். இன்னும் அவருடைய ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். பொக்கற்றில் அவர் பாவித்த மெத்ரோ ரயில் டிக்கெட் ஒன்று கிடக்கிறது. எறிய மனமில்லை.

ஐயா யாழ்ப்பாணத்திலிருந்து எழுதியிருந்தார். மகனின் மரணப் பத்திரத்தை ஒருக்கால் கண்ணால் பார்க்க வேண்டுமாம். நகரசபையில் போய் எடுத்தேன். தகப்பன் பேர் இருக்க வேண்டிய இடத்தில் 'தெரியாது' என்று அடித்திருந்தது.

இதை ஐயாவுக்கு எப்படி அனுப்புவது?

அண்ணை கந்தையா சிவராசா. நான் கந்தையா ரஞ்சன். கந்தையா எங்கள் ஐயா. ஐயாவோ முருகேசு கந்தையா – முருகேசு அவருடைய ஐயா. இது விளங்க நமக்கு எவ்வளவு நேரம் வேண்டும்? திருத்தித் தரச் சொல்லிப் போனால், பத்திரம் எழுதும் நகரசபை மனுசிக்கு விளங்கவில்லை. பிள்ளைகளின் குடும்பப் பேர் கந்தையா, இந்த ஆளின் குடும்பப் பேர் முருகேசு, ஆகவே இவர் தகப்பன் இல்லை என்றாள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். எந்தப் பிரெஞ்சில் சண்டை பிடிக்க?

ரூ காய் தெருவில் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணைதான் எங்கள் சனத்துக்குப் படிவம் நிரப்புகிறவர். அவரிடம் போனேன். பேனையைத் திறந்தபடியே வழி சொன்னார்.

"கொப்பருக்கும் குடும்பப் பேர் கந்தையா எண்டு போடுவம். கந்தையா கந்தையா. அலுவல் முடிஞ்சுது."

"அப்ப ஐயா தனக்குத்தானே மகனோ?"

"தம்பி, இஞ்சை பாதிச் சனம் அப்பிடித்தான் இருக்குது."

நல்ல சனம்! ரூ பஜோல் தெருக் கோயில் வாசலில் நின்று 'நாங்கள் இன்னார் பரம்பரை' என்று மார்தட்டும். கடதாசியில் அப்பனை மாற்றி எழுத அரை நிமிசம் போதும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

அடுத்த புதன்கிழமை மேடத்தின் சுவரைத் தூசி தட்டுகிறேன். உச்சியில் யான் பீட்டர்சன். கீழே மகன் ஹென்றிக் யான்சன். அதற்கும் கீழே மகன் பீட்டர் ஹென்றிக்சன். கை நின்றுவிட்டது. அப்பனுக்கும் மகனுக்கும் ஏன் வேறு வேறு பேர் என்று கேட்டேன். மேடத்துக்குச் சந்தோசம் தாங்கவில்லை. அந்தக் காலத்து டச்சுக்காரரில் அநேகம் பேருக்குக் குடும்பப் பேர் கிடையாதாம். அப்பனின் பேர்தான் 'சன்' சேர்ந்து பிள்ளையோடு வருமாம் – யானின் மகன் யான்சன். இங்கிலீசுக்காரன் வந்து பிடித்த பிறகுதான் நிரந்தரப் பேர் வைத்தார்களாம். எவ்வளவு அழகான பழக்கம் என்று உருகினார்.

எங்கள் வீட்டிலும் இதே பழக்கம்தான் என்று சொல்லி, அண்ணையின் கதையையும் சொன்னேன்.

"இன்னுமா?" என்றார்.

அந்த 'இன்னுமா'வை நான் எங்கே கொண்டுபோய் வைக்க? அவருடைய சுவரில் இருந்தால் அழகு. அண்ணையின் பத்திரத்தில் வந்தால் 'தெரியாது'!

ஆனாலும் மேடம் நகரசபைக்குக் காட்டச் சொல்லி டைப்ரைட்டரில் ஒரு பக்கம் அடித்து, அந்த மூன்று டச்சுக்காரரையும் போட்டு, கையெழுத்து வைத்துத் தந்தார். தன் புத்தகத்துக்கு விளம்பரம் என்று நினைத்தாரோ என்னவோ. அடியில் நான் என் கையால் எழுதினேன்: முருகேசு, அவர் மகன் முருகேசு கந்தையா, அவர் மகன் கந்தையா சிவராசா.

நகரசபை மனுசி வாசித்தாள். சிரித்தாள். பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"ஓ, டச்சுக்காரரைப் போலவா? முதலே சொல்லியிருக்கலாமே."

முதலே சொன்னேன். மூன்று தடவை சொன்னேன்.

நேற்று வந்த கடதாசி அதுதான். திருத்திய பத்திரம். தகப்பன்: முருகேசு கந்தையா. உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். ஒட்டும்போது கொஞ்சம் அழுதேன்... அதை விடுங்கள்.

அண்ணைக்கு ஐயா யார் என்று சொல்ல, முந்நூறு வருசத்துக்கு முன் செத்த டச்சுக்காரன் வரவேண்டியிருந்தது – கூடப்பிறந்தவன் உயிரோடு முன்னால் நின்றும்!