ஒரு மக் தண்ணீர்

ஷேவிங் வீடியோக்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் சேஃப்டி ரேஸர் பைத்தியம் பிடித்துவிட்டது. பெங்களூர் லிங்கராஜபுரத்தில் நான் இருப்பது மாடி வீடு. கீழ்வீட்டுக்கும் எனக்கும் ஒரே டேங்க். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வாஷ்பேசின் முன் நின்று பிரஷ்ஷால் சோப்பைக் குழைத்தேன். நுரை கெட்டியாக வருவதற்கே அரை மணி நேரம் ஆனது. பிரஷ்ஷை அடிக்கடி நனைக்க வேண்டியிருந்ததால் குழாயை மூடவே இல்லை. ஒரு கன்னத்தை வழித்து முடித்தபோது தண்ணீர் நின்றுவிட்டது.

யாரோ கதவைத் தட்டினார்கள். திறந்தால், கீழ்வீட்டு அந்தோணி, தலை நிறைய ஷாம்பு நுரையோடு, கையில் பக்கெட்டுடன் நின்றார். பைக் நிறுத்தும் இடத்துக்காகச் சண்டை போட்டு, மூன்று மாதமாக நாங்கள் பேசுவதில்லை.

"டேங்க் காலி சார். பிடிச்சு வச்ச தண்ணி கொஞ்சம் இருக்கு, மக் எடுத்துட்டு வாங்க."

"பெங்களூர்ல தண்ணிக் கஷ்டம் தாங்கல," என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

மக்கில் ஊற்றிவிட்டுப் படியிறங்கியவர் திரும்பிப் பார்த்தார். "அடுத்த தடவை ஷேவ் பண்றப்போ குழாய மூடிடுங்க. அரை மணி நேரமா பைப்புல சத்தம் கேட்டுச்சு."

நுரை முகத்தோடு நானும் நுரைத் தலையோடு அவரும் வெடித்துச் சிரித்தோம்.

மீதிக் கன்னத்துக்கு அந்த ஒரு மக் தண்ணீரே தாராளமாக இருந்தது. மாலையில் என் பைக்கைச் சுவரோரமாகத் தள்ளி நிறுத்தினேன். அவருடைய பைக்குக்கும் இடம் இருந்தது, எப்போதுமே இருந்திருக்கிறது.