அத்தான் தண்ணீர் ஊற்றிய இரண்டு மரங்கள்

என் அக்கா வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டினார். தெருவில் அவருக்குப் பெயர் 'தண்ணி'. "தண்ணி வீடு எது?" என்று யாராவது விசாரித்து வந்தால், புதிதாகக் குடிவந்தவர்கள் வேறு மாதிரி நினைத்து முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அந்த மனிதர் வாழ்நாளில் சோடாவைத் தாண்டிப் போனதில்லை. எனக்கு அவர் அத்தான். அவரைக் குறை சொன்னால் அக்காவுக்குப் பொறுக்காது. அதனால் அவள் காதில் விழாத தூரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்கிறேன்.

அத்தானுக்குக் கை தாராளம், காது கொஞ்சம் மந்தம். செவிடு என்று சொல்லவில்லை. நமக்கு என்ன வேண்டும் என்று வாயைத் திறப்பதற்குள் வேறு எதையோ கொண்டுவந்து நம் மடியில் போட்டுவிட்டு, நாம் சந்தோஷப்படுகிறோமா என்று முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அப்படிப்பட்டவரிடம் கோபப்படவும் முடியாது.

அவர்கள் வீடு தெருக் கடைசியில் இருந்தது. முன்னறைக்கு ஷீட் கூரை, மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல். ஜன்னலோரம் அக்காவின் தையல் மெஷின். அவள் பள்ளிச் சீருடை தைத்தாள். அந்த வேலை வந்து குவிவது பள்ளி திறப்பதற்கு முன்னால், வெயில் மண்டையைப் பிளக்கிற மாதங்களில். அக்காவுக்கு ரத்தக் கொதிப்பு உண்டு. வெக்கையில் உட்கார்ந்தால் தலை சுற்றிவிடும். அந்த ஷீட் கூரையின் கீழே அவள் மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தைக்க முடிந்ததற்கு ஒரே காரணம், ஜன்னலுக்கு வெளியே நின்ற சீமைக்கருவேல மரம். நிழல் இருந்தால் அவளுக்குத் தொழில் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. இது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

அந்த மரத்தை யாரும் நடவில்லை. வீடு கட்டும் முன்பே அது அங்கே இருந்தது. உரம் கேட்டதில்லை, பூச்சி மருந்து கேட்டதில்லை. பூக்கிற காலத்தில் தேனீ மொய்க்கும். காய்ந்து விழும் நெற்றுகளை ஆடு வளர்க்கிற வீட்டுக்காரி வந்து கூட்டி அள்ளிக்கொண்டு போவாள். ஒடித்த கிளையைப் பின்கட்டு அடுப்பில் வைத்தால் வெந்நீர் காய்ந்த பிறகும் கங்கு கனன்றுகொண்டே இருக்கும். இவ்வளவு கொடுத்தும் அத்தான் வாயில் அதற்கு 'முள்ளு மரம்' என்றுதான் பெயர். அவர் லாரி டயரில் ஒரு முறை அதன் முள் ஏறிவிட்டது. அந்த வஞ்சம் அவருக்குத் தீரவே இல்லை.

கிரேப்ஃப்ரூட் வந்தது அத்தான் தண்ணீர் கொண்டுபோய் விட்ட ஒரு நாற்றுப் பண்ணையிலிருந்து. பேரைப் பார்த்துத் திராட்சை என்று நினைக்க வேண்டாம். பம்பளிமாஸுக்குத் தம்பி முறை; சாத்துக்குடியைவிடப் பெரியது, உள்ளே சிவப்பு, புளிப்பும் இனிப்பும் அடியில் கொஞ்சம் கசப்பும். பண்ணைக்காரர் ஒன்றை அறுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். அக்கா ஒரு சுளையை வாயில் போட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்தாள். யார் எதைக் கொடுத்தாலும் அவள் அப்படித்தான் சொல்வாள். அடுத்த வாரமே கன்று வந்து இறங்கிவிட்டது.

கன்றா அது, புது மாப்பிள்ளை. புளிப்பு நாரத்தையின் வேரில் ஒட்டுக் கட்டியது. ஒட்டுக்குக் கீழே துளிர்க்கிற எதையும் விட்டுவைக்கக் கூடாது, விட்டால் நாரத்தைதான் மரமாகும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். அத்தான் தினமும் குனிந்து தேடிக் கிள்ளினார். தண்டு வெயிலில் வெடிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு அடித்தார். இலை சுருண்டால் வேப்பெண்ணெய், மஞ்சளித்தால் சத்து மருந்து. முதலில் பூத்ததெல்லாம் கொட்டிப்போனபோது அவர் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அக்காவுக்கு ஜுரம் வந்தபோதுகூட இந்த மனிதரை இப்படி நான் பார்த்ததில்லை என்று ஒரு நாள் சொல்லிவிட்டேன். அக்கா என்னை முறைத்தாள்.

சங்கடம் ஆரம்பித்தது லாரி குழாயின் நீளத்தில். தெருவில் லாரியை நிறுத்தி இழுத்தால் குழாய் வாசலில் ஒரே ஓர் இடம் வரைதான் எட்டியது. அந்த இடத்தில்தான் கன்றை நட்டார், கருவேலத்துக்குப் பக்கத்திலேயே. சாயங்காலம் டாங்கியில் மிஞ்சிய தண்ணீரை அங்கே திறந்துவிடுவார். தண்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கினால் கிரேப்ஃப்ரூட் வேர் அழுகிவிடும் என்றும் பண்ணைக்காரர் எச்சரித்திருந்தார். அத்தான் அதையும் ஒழுங்காகக் கேட்டு, வழியும் தண்ணீர் ஓடிவிட ஒரு சின்ன வாய்க்கால் வெட்டினார். வாய்க்கால் போய் முடிந்தது கருவேலத்தின் காலடியில்.

கருவேலம் தளதளவென்று கொழுத்தது. நிழல் வாசலைத் தாண்டித் தெரு வரை போயிற்று. முதலில் அக்காவுக்குச் சந்தோஷம்தான். பிறகு, ஜன்னலிலிருந்து தினமும் அதையே பார்த்துக்கொண்டிருந்ததால், மரம் சாய்வது அவள் கண்ணில்தான் முதலில் பட்டது. "மரம் ஒரு பக்கமா சாயுதுங்க. அந்தப் பக்கம் தண்ணி போறத நிறுத்துங்களேன்" என்றாள். தண்ணீர் குடித்துக் கெட்டுப்போன மரத்தை இதுவரை பார்த்ததில்லை என்று அத்தான் சிரித்தார். ஒரு தடவையோடு அவள் விடவில்லை. மறு வருஷமும் சொன்னாள், அதற்கடுத்த வருஷமும் சொன்னாள். முள்ளு மரத்துக்கு வக்காலத்து வாங்குகிறாள் என்று என்னிடம் கேலி செய்தார். அவர் கவலையெல்லாம் அந்த வருஷம் கிரேப்ஃப்ரூட்டில் பிஞ்சு நிற்குமா என்பதுதான்.

ஒரு மத்தியானம் காற்றடித்தது. புயலெல்லாம் இல்லை, கொடியில் போட்ட துணி பறக்கிற காற்று. கருவேலம் அடியோடு பெயர்ந்து தெருப் பக்கம் சாய்ந்தது. நல்ல வேளை, ஆளும் இல்லை, லாரியும் இல்லை. கிரேப்ஃப்ரூட்டில் ஓர் இலைகூட உதிரவில்லை.

மரம் அறுக்க வந்தவர் பெயர்ந்த வேரைச் சுற்றி நடந்து பார்த்தார். வேர் தட்டையாக, மண்ணின் மேலோட்டமாகவே பரவியிருந்தது. இந்த மரத்துக்கு ஊற்றுவதாக இருந்தால் என்றைக்காவது ஒரு தரம், தண்டை விட்டுத் தள்ளி, ஆழமாக இறங்கும்படி ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் சும்மா விட்டுவிட வேண்டும் என்றார். அத்தான் நம்பவில்லை. கிணற்று ஆழத்துக்கு வேர் விடுகிற மரம் என்று எல்லோரும் சொல்வார்களே என்று கேட்டார்.

"தண்ணி இல்லாட்டி அது தேடிக்கிட்டுக் கீழ போகும். நீங்கதான் வாசல்லயே கொண்டாந்து குடுத்துட்டீங்களே, அது எதுக்குப் போகணும்?" என்றார் அவர்.

அத்தான் வாய்க்காலைப் பார்த்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தார். அங்கே அக்கா நின்றுகொண்டிருந்தாள்; அவள் முகத்தில் நேராக வெயில் அடித்தது.

அந்தக் கோடையில் அவர் படாத பாடு பட்டார். ஜன்னலுக்குத் தட்டி கட்டினார், பச்சை வலை கட்டினார், ஷீட் மேல் மணிக்கொரு தரம் தண்ணீர் அடித்தார். அது ஆணி ஓட்டை வழியாகச் சொட்டி, தைத்து அடுக்கிய வெள்ளைச் சட்டைகளில் துருக் கறையாக இறங்கியது. அக்கா எல்லாவற்றையும் துவைக்கப் போட்டாள். இரண்டு நாள் கழித்து மெஷினிலிருந்து எழுந்தவள் அப்படியே சரிந்து விழுந்தாள். டாக்டர் மாத்திரையை மாற்றினார், இனி அந்த அறையில் உட்காரவே கூடாது என்று சொல்லிவிட்டார். வேறு அறை ஏது? மெஷினை உறை போட்டு மூடினார்கள்.

அந்த வருஷம்தான் கிரேப்ஃப்ரூட் காய்த்துத் தள்ளியது. பக்கத்து நிழல் போனது அதற்கு வசதியாகிவிட்டது போலிருக்கிறது. அத்தான் ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டுபோய் டாக்டர் மேஜைமேல் வைத்து, வீட்டில் இவளுக்காகவே வளர்த்தது என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். நல்ல பழம்தான், ஆனால் இது மருந்தின் வேகத்தை ஏற்றிவிடும், இப்போது கொடுத்திருக்கிற மாத்திரையோடு இவர்கள் இதைத் தொடவே கூடாது என்றாராம் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அத்தான் அரிவாளை எடுத்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். அக்கா வந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அதை எதுக்கு வெட்டுறீங்க? அது என்ன பண்ணுச்சு?"

"உனக்குன்னுதானே எல்லாம் செஞ்சேன்" என்றார். அழுதுவிடுவார் போலிருந்தது.

"செஞ்சீங்க. யாரு இல்லன்னா? நான் சொன்னதையும் ஒரு தடவ நின்னு கேட்டிருக்கலாம்."

அவ்வளவுதான் சொன்னாள், அதுவும் மெதுவாக. கல்யாணமான நாளிலிருந்து அக்கா அவரைக் குறை சொல்லி நான் கேட்டது அது ஒன்றுதான். அத்தான் அரிவாளைச் சுவரோரம் வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார். எனக்கு இரண்டு பேரைப் பார்த்தும் மனசு ஆறவில்லை.

இப்போது அவர் லாரி ஓட்டுவதில்லை. பள்ளி திறக்கும் நேரத்தில் வாசலிலேயே இருக்கிறார். விஷயம் தெரியாத தாய்மார்கள் இன்னும் சீருடைத் துணியைப் பையில் போட்டுக்கொண்டு வருகிறார்கள். அக்கா எழுந்து வரும் முன் அவரே போய், "இங்க இப்ப தைக்கிறதில்லைங்க" என்கிறார். ஏன் என்று கேட்டால், அவங்களுக்கு முடியல என்று அக்கா மேல் பழி போடுவதில்லை. நான்தான் கெடுத்துட்டேன் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஒரு பழம் பறித்துக் கொடுக்கிறார். அவர்கள் ஒன்றும் புரியாமல் அதைத் துணி மேலேயே போட்டுக்கொண்டு அடுத்த தெருத் தையல்காரரைத் தேடிப் போகிறார்கள்.