தண்ணீர் தரையாகும் இடங்கள்

ரொறன்ரோவின் மல்வேர்னில் கிளடிஸைத் தெரியாத தமிழர் குறைவு. பேசாலை என்ற கடற்கரை ஊரிலிருந்து வந்தவள். வயது நாற்பத்தாறு. பிளாஸ்டிக் பெட்டிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் காலை ஷிப்ற். இவையெல்லாம் எவருக்கும் பொதுவானவைதான். ஆனால் அவளுடைய பேச்சு எழும்போது எல்லோரும் சிரித்துக்கொண்டே சொல்வது வேறொன்று.

"உவ ஐஸ் பாக்கப் போறவ."

உண்மைதான். டிசம்பர் பிறந்ததும் அவள் தன் பழைய ரொயோட்டாவை வடக்கே விடுவாள். காரின் பின்பெட்டியில் கையால் திருகித் துளை போடுகிற ஒரு நீண்ட இரும்பு, கயிறு, வெள்ளைச் சறுக்குச் சப்பாத்து ஒரு சோடி, மாற்றுடுப்பு, கம்பளி. எந்த ஏரி முதலில் உறையும், எந்தக் கரையில் காரை விடலாம், எந்த மூலையில் ஓடை விழுந்து ஐஸை அரிக்கும் என்றெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தாள். ஏரிகளின் ஆங்கிலப் பெயர்கள் அவள் நாக்கில் நிற்கவில்லை. ஆகவே எந்த நாளில் ஓர் ஏரி முதன்முதலாக அவளைத் தாங்கியதோ, அந்த நாளுக்குக் கிட்டிய புனிதரின் பெயரை அதற்கு வைத்துவிடுவாள். மூன்றாம் திகதியென்றால் சவேரியார். பதின்மூன்றென்றால் லூசியா.

"சவேரியாரில போன கிழமை நல்லாச் சறுக்கினன் பாதர். இப்ப ஸ்நோ மூடிப்போட்டுது," என்று பூசை முடிந்து வாசலில் அவள் சொன்னபோது, புதிதாக வந்த குருவானவர் திரும்பிக் கோயிலுக்குள் பார்த்தார்.

சிரித்தவர்களுக்கு ஒன்று தெரியாது. மூன்று வருடங்களுக்கு முன்புவரை இந்தப் பெண் தண்ணீர்க் கரைக்கே போகமாட்டாள்.

தொண்ணூறாம் ஆண்டு ஓகஸ்டில், சண்டைக்குத் தப்பி, பேசாலையிலிருந்து இராமேஸ்வரத்துக்கு இருபத்துநான்கு பேரோடு ஒரு படகு புறப்பட்டது. இயந்திரத்தைப் பிடித்தவன் பஸ்ரியன், கிளடிஸின் கணவன் செபமாலையின் தம்பி. இருட்டில் படகு, கடல் நடுவே மேடிட்டிருந்த ஒரு மணல் தீடையில் ஏறியது. அடிப்பலகை பிளந்த சத்தம் வெடி வெடித்ததுபோல இருந்தது. செபமாலை மனைவியை ஒரு வெற்று எண்ணெய்க் கலனோடு சேர்த்துத் தள்ளிவிட்டான். அவளை வேறொரு வள்ளம் ஏற்றியது. விடியும்போது கரையில், ஈர மணலில், பஸ்ரியன் நடந்து வருவதைக் கண்டாள். அவனுக்குப் பின்னால் பார்த்தாள். யாரும் இல்லை.

"அவர் இல்லாம நீ மட்டும் வந்தியோ?"

அவ்வளவுதான் கேட்டாள். பஸ்ரியன் பதில் சொல்லவில்லை. பிறகும் சொல்லவில்லை. ஒரு வருடம் முன்பின்னாக இருவரும் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்தார்கள். இருவர் வீட்டுக்கும் இடையே பஸ்ஸில் பத்து நிமிடம். நத்தார்ப் பண்டிகைக்கு அவள் வாசலில் ஒரு மூட்டை அரிசி இருக்கும், வைத்தவன் இருக்கமாட்டான். கோயிலில் கடைசி வாங்கிலில் இருந்து, நன்மை அப்பம் கொடுக்கும் நேரம் எழுந்து போய்விடுவான். மீன்பிடிகாரனாய்ப் பிறந்தவன் ஒரு பேக்கரியில் மாப் பிசைந்தான். அந்த ஒரு கேள்வியைத் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவள் எத்தனையோ இரவு நினைத்தாள். வாயிலிருந்து விழுந்த சொல்லை எந்த வீட்டு வரவேற்பறையில் வைத்து எடுப்பது?

அப்போதுதான், தொண்ணூற்று மூன்று தையில், கூட வேலை செய்த சூசன் அவளை வற்புறுத்திப் பிக்கரிங்கிலுள்ள ஒரு குடாவுக்கு அழைத்துப் போனாள். கிளடிஸ் காரைவிட்டு இறங்கியதும் அசையாமல் நின்றாள். குடா முழுவதும் மனிதர்கள். தண்ணீர்மேல் பிள்ளைகள் ஓடினார்கள். தண்ணீர்மேல் நாய் படுத்திருந்தது. ஒரு தாய், கைக்குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தண்ணீர்மேல் தள்ளிக்கொண்டு போனாள்.

"இதுக்குக் கீழ தண்ணிதானே?" என்று மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் சூசன் ஆமென்றாள்.

அவள் ஒரு காலை வைத்தாள். மற்றதையும் வைத்தாள். தன் புருஷனை விழுங்கிய அதே தண்ணீர், இறுகி, மௌனமாய், அவளைச் சுமந்துகொண்டு நின்றது. கோயிலில் முழங்காலிடுவதுபோல அந்த ஐஸில் முழங்காலிட்டாள். சூசன் அவள் வழுக்கி விழுந்துவிட்டதாக நினைத்துத் தூக்க வந்தாள்.

அன்று பிடித்ததுதான் இந்தப் பைத்தியம். ஆனால் குடாக்களும் பூங்காக் குளங்களும் அவளுக்குப் போதவில்லை. அவள் தேடியது கறுத்த ஐஸ். காற்றும் பனியும் இல்லாமல் நாலைந்து நாள் கடுங்குளிர் விழுந்தால், சிறிய ஏரிகள் கண்ணாடிபோல் உறையும். அடி தெரிவதால் கறுப்பாய்த் தோன்றும். அதுதான் உறுதி. பனி விழுந்து வெளுத்த ஐஸ், போர்வைக்குள் கிடப்பதுபோல் கீழே இளகிக் கிடக்கும். கறுத்த ஐஸுக்கு ஆயுள் கொஞ்சம். ஒரு பனிமழை வந்தால் அந்த வருடத்துக்கு அது முடிந்தது.

தொண்ணூற்றைந்து டிசம்பர் நடுவில் அவளுக்கு இரண்டு செய்திகள் வந்தன. ஒன்று, ஸ்ரூவிலுக்கு அப்பால் ஒரு சிறிய ஏரி கறுப்பாய் உறைந்திருக்கிறது. சனி பின்னேரம் பனி கொட்டும் என்று வானொலி சொன்னது. மற்றது, பஸ்ரியன் ஞாயிறு காலை அல்பேர்ட்டாவுக்குப் போகிறான். இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. திரும்பி வருகிற எண்ணமில்லை.

இருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அவள் அவன் வாடகைக்கு இருந்த பேஸ்மன்ற் கதவைத் தட்டினாள். திறந்தவன் ஒரு அடி பின்வாங்கினான்.

"மச்சாள்?"

"சப்பாத்தைப் போடும். ஒரு இடத்துக்குப் போவம்."

"எனக்கு வேலை கிடக்கு."

"இண்டைக்கு உமக்கு வேலை இல்லை. உம்மட வாடகை வீட்டுக்காரியிட்டக் கேட்டுப்போட்டுத்தான் வாறன். அந்த மனிசி நீர் எத்தினை மணிக்குக் குளிக்கிறீர் எண்டதையும் சேத்துச் சொல்லுது."

அவன் முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. "எங்க?"

"ஒரு குளம்."

"குளமெண்டா நான் வரேல்ல."

"கரையில நிண்டாக் காணும், பஸ்ரியன். ஒருக்கா வாரும். இனிக் கேக்கமாட்டன்."

முன் இருக்கை காலியாயிருக்க, அவன் பின்னால் ஏறினான். முக்கால் மணி நேரம் கார் வடக்கே ஓடியது. அவள் கண்ணாடியில் அவனைப் பார்க்கவில்லை.

ஏரி ஊசியிலை மரங்களுக்கு நடுவே கிடந்தது. ஒரு சுருக்கம் இல்லாமல், கறுப்பாய், வானத்தை முழுதாக வாங்கிக்கொண்டு. எதிர்க்கரை மரங்கள் அதற்குள் தலைகீழாய் நின்றன. ஓடை வந்து விழுகிற இடத்து மூலை மட்டும், முன்பு விழுந்த சிறு பனி தங்கி, வெள்ளைவெளேரென்று திடமாய்த் தெரிந்தது.

"உது தண்ணி," என்றான் பஸ்ரியன்.

"ஓம். தண்ணிதான். மேல ஐஞ்சு இஞ்ச் ஐஸ்." அவள் இரும்பைத் திருகித் துளை போட்டுக் காட்டினாள். "நீர் இதில, கரையில நில்லும். அங்கால வெள்ளைப் பக்கம் மட்டும் போகவேண்டாம்."

அவன் தலையாட்டினான். கேட்டானா என்று தெரியாது. ஏனென்றால் அதற்குள் அவள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். பேசாலைக் கடற்காரன் ஒருவன், தன் மச்சாள் கருந்தண்ணீர்மேல், ஓர் அலையும் எழாமல், தூரம் தூரமாய்ப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவளுடைய கறுத்த மேலங்கியும் ஏரியும் ஒன்றாகி, முகம் மட்டும் மிதந்து போவதுபோல இருந்தது. அவன் கைகள் தானாகவே கும்பிட்டன.

அப்போது ஏரி முழங்கியது.

குளிர் ஏற ஏற ஐஸ் இறுகிச் சுருங்கும். சுருங்கும்போது கரையிலிருந்து கரைக்கு ஒரு வெடிச்சத்தம் ஓடும். கேட்டுப் பழகியவர்களுக்கு அது ஐஸ் நல்லாயிருக்கிறது என்பதன் அடையாளம். கிளடிஸுக்கு அந்தச் சத்தம் பிடிக்கும். ஆனால் பஸ்ரியன் அதற்கு முன் அந்தச் சத்தத்தை ஒரே ஒரு தரந்தான் கேட்டிருந்தான், மணல் தீடையில், ஐந்து வருடங்களுக்கு முன்.

"மச்சாள்" என்று கத்திக்கொண்டு அவன் ஓடினான். ஐந்து வருடம் தண்ணீரைக் கண்ணால் பாராதவன் ஏரிக்குள் ஓடினான். கறுப்பு அவனுக்குத் தண்ணீர், வெள்ளைதான் தரை. ஆகவே வெள்ளையின்மேல் ஓடினான். எட்டாவது அடியில் அது உடைந்தது.

கிளடிஸ் திரும்பிப் பார்த்தபோது தோளும் தலையும்தான் தெரிந்தன. எப்படி அந்தத் தூரத்தைக் கடந்தாள் என்று பின்பு அவளுக்கு நினைவில்லை. கறுத்த ஐஸின் விளிம்பில் நெடுக்காய்ப் படுத்து, இடுப்பிலிருந்த கயிற்றை எறிந்தாள்.

"சுத்திப் பிடியும்."

"விடுங்கோ மச்சாள். நீங்களும் விழுந்திடுவியள்."

"பிடியும் எண்டு சொல்லுறன்."

"அண்ணன்ர கை என்ர கையில இருந்தது." அவன் பல் கிட்டியது. "இருந்தது மச்சாள். வழுக்கிப் போட்டுது. நான் விடேல்ல. சத்தியமா நான் விடேல்ல."

ஐந்து வருடமாய் அவன் சொல்லாத பதில், குளிரில் துண்டு துண்டாய் வந்தது. ஆனால் அழுவதற்கு அது நேரமில்லை.

"தெரியும். கயிறைப் பிடி, மோனே. காலை மீன் மாதிரி அடி. நெஞ்சால ஏறு."

அவன் பிடித்தான். வெள்ளை இரண்டு தரம் உடைந்து கொடுத்தது. மூன்றாம் தரம் அவன் மார்பு கறுப்பின்மேல் ஏறியது. அது அசையவில்லை. அவளையும் அவனையும் சேர்த்துச் சுமந்தது.

காரின் சூட்டைக் கூட்டி, ஈர உடுப்பைக் கழற்றச் செய்து, தன் மாற்றுடுப்பைக் கொடுத்து, கம்பளியால் சுற்றினாள். பிளாஸ்க்கிலிருந்த தேத்தண்ணியை அவன் கை நடுங்க நடுங்கக் குடித்தான். முக்கால் மணி நேரத்துக்குப் பின் நடுக்கம் நின்று, முகத்தில் இரத்தம் வந்தது. மச்சாளின் பூப்போட்ட கம்பளிக் காற்சட்டையைக் குனிந்து பார்த்தான்.

"இதோட என்னை அல்பேர்ட்டாவில இறக்கினா வேலை தரமாட்டாங்கள்."

"மாடு வெட்டுற இடந்தானே. ஆர் உம்மைப் பாக்கப் போறாங்கள்?"

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு முடிந்த இடத்தில் அவன் ஏரியைப் பார்த்தான்.

"கறுப்பு என்னைத் தாங்கினது, என்ன?"

"ஓம்."

"நான் ஒருக்கா நிண்டு பாக்கட்டே?"

அவள் மறுக்கத்தான் நினைத்தாள். அவன் கண்களைப் பார்த்தபின் முடியவில்லை. கால்களில் இழுத்துப்போட இரண்டு சோடிக் கம்பளி மேசும், பின்பெட்டியில் கிடந்த பழைய றப்பர்ச் சப்பாத்தும் கொடுத்தாள். அவன் கையைப் பிடித்துக் கரையிலிருந்து இறக்கினாள். பத்தடி. இருபதடி. அவன் கீழே பார்க்காமல் நடந்தான்.

"இப்ப பாரும்," என்றாள்.

அவன் பார்த்தான். கால்களுக்குக் கீழே ஒன்றுமே இல்லாததுபோல் தெளிவு. தண்ணீர்ச் செடிகள் அசையாமல் நின்றன. அவை மூச்சுவிட்ட குமிழிகள் விட்ட இடத்திலேயே உறைந்து, வெள்ளிக் காசுகளாய் ஒன்றன்கீழ் ஒன்றாய்த் தொங்கின. அவற்றுக்குக் கீழே ஒரு மீன், கோடுபோட்ட முதுகோடு, அவசரமில்லாமல் அவர்களைக் கடந்து போனது. பஸ்ரியன் மெல்ல முழங்காலிட்டு, உள்ளங்கை இரண்டையும் ஐஸில் வைத்தான். அவன் மூச்சு அதில் படிந்து மறைந்தது.

"பஸ்ரியன், அண்டைக்குக் கரையில நான் கேட்ட கேள்வி," என்றாள் அவள். நின்றபடியே, தண்ணீரின் மேல் நின்றபடியே சொன்னாள். "கேட்டிருக்கக் கூடாது. ஆராவது ஒராள் வந்ததுக்கு நான் நன்றியெல்லோ சொல்லியிருக்கவேணும். நீராவது வந்தீர்."

அவன் தலை நிமிரவில்லை. தோள்கள் மட்டும் குலுங்கின. கண்ணீர் ஐஸில் விழுந்து, விழுந்த இடத்திலேயே இறுகியது. பிறகு புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:

"இது என்ன மீன், மச்சாள்?"

"எனக்கென்ன தெரியும்? நீர்தானே மீன்காரன்."

அவன் நெற்றியை ஐஸில் வைத்து, கைகளால் வெளிச்சத்தை மறைத்து, உள்ளே உற்றுப் பார்த்தான். வானொலி சொன்ன பனி அப்போது விழத் தொடங்கியது. முதலில் ஒன்று, பிறகு பத்து, பிறகு எண்ணமுடியாமல். அவனைச் சுற்றியிருந்த கறுப்பு மெல்ல மெல்ல வெளுத்தது. அவன் கையால் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தான். குளிருது, போவம் என்று அவள் இரண்டு தரம் சொன்னாள்.

"இன்னும் கொஞ்ச நேரம், மச்சாள்," என்றான்.